டெஸ்ட்டுக்கு 50 தோட்டா, பயிற்சிக்கு 5,000

அமெரிக்காவில் ஆர்ம்டு செக்யூரிட்டி, போலீஸ், சிறைக் காவல் என்று எந்த வேலைக்குப் போனாலும் பெரும்பாலும் ஒரு நாள் ரேஞ்சில் நின்று சுட்டுக் காட்ட வேண்டியிருக்கும். அந்தப் பரீட்சை பார்க்கச் சின்னதுதான். எஃப்.பி.ஐ. ஏஜென்ட்டுகளின் பிஸ்டல் டெஸ்ட்டில் 50 தோட்டா. 100-க்கு 80 எடுக்க வேண்டும். டெக்ஸஸில் கைத்துப்பாக்கி லைசென்ஸ் வாங்கும் சாதாரணக் குடிமகனுக்கும் 50 தோட்டா. 250-க்கு 175 எடுத்தால் பாஸ். சில நிமிட வேலை. ஆனால் உங்களோடு வரிசையில் நிற்பவன் சிறுவயதிலிருந்து அப்பாவோடு காட்டில் சுட்டுப் பழகியவன். நீங்கள் 28 வயதில் முதல்முறையாகப் பிஸ்டலைத் தொட்டவர். இந்த இடைவெளியை அறிவுரையால் நிரப்ப முடியாது. ட்ரிகரை ஆயிரக்கணக்கான முறை சரியாக அழுத்தித்தான் நிரப்ப வேண்டும்.

அதற்குத் தடை பணம். கம்பெனி டெஸ்ட்டுக்கு மட்டும் தோட்டா தரும். பழகுவதற்கான தோட்டா உங்கள் கைக்காசு. நான் பார்த்த பெரும்பாலான இடங்களில் இதுதான் நடைமுறை. டபிள்யூ-2 ஊழியராக இருந்தால் இந்தச் செலவை 2018-லிருந்து ஃபெடரல் வரியில் கழிக்கவும் முடியாது. ஆகவே கணக்குப் போட்டுப் பழகுகிறவன்தான் அதிகம் பழகுகிறான். அந்தக் கணக்கில் நான் முதலில் எழுதுவது ரிம்ஃபயர் கன்வர்ஷன் கிட்.

வேலை செய்யும் விதம் எளியது. உங்கள் டியூட்டி பிஸ்டல் 9 எம்.எம். என்று வைத்துக்கொள்வோம். அது சென்டர்ஃபயர்: தோட்டாவின் அடிப்பகுதி நடுவில் ஒரு குட்டி பிரைமர் இருக்கும், ஊசி அங்கே அடிக்கும். 22 எல்.ஆர். தோட்டாவில் தனிப் பிரைமர் கிடையாது. வெடிக்கும் கலவை அடிவிளிம்புக்குள்ளேயே சுற்றிலும் பூசப்பட்டிருக்கும், ஊசி விளிம்பை நசுக்கும். அதனால்தான் ரிம்ஃபயர். 1887-லிருந்து இருக்கும் தோட்டா. விலை குறைவு, உதைப்பு மிகக் குறைவு. கிட் என்பது ஒரு ஸ்லைடு, ஒரு பேரல், ஒரு ஸ்பிரிங், ஒன்றிரண்டு மேகசின். பிஸ்டலின் மேல்பாதியைக் கழற்றி இதை மாட்டினால் அதே பிடி, அதே ட்ரிகர், அதே ஹோல்ஸ்டர். உள்ளே போவது மட்டும் 22.

பணக் கணக்கை நேராகச் சொல்கிறேன். விலை ஏறி இறங்கும் என்றாலும் அண்மைய ஆண்டுகளில் மொத்தமாக வாங்கினால் 9 எம்.எம். ஒன்று சுமார் 25 சென்ட், 22 ஒன்று சுமார் 8 சென்ட். 5,000 தோட்டாவுக்கு முன்னது 1,250 டாலர், பின்னது 400. கிட் 350 டாலர் என்று வைத்தாலும் 500 டாலர் கையில் நிற்கும். ஏறக்குறைய 2,000 தோட்டாவில் கிட்டின் விலை திரும்பிவிடும். ஆண்டுக்கு 300 தோட்டா மட்டும் சுடப்போகிறவர் இதை வாங்க வேண்டாம்; அந்தப் பணத்தில் ஒரு நல்ல பயிற்சியாளரிடம் இரண்டு மணிநேரம் வாங்குங்கள்.

வாங்குவது என்று முடிவு செய்தவர்கள் மேலே படியுங்கள்.

1. முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள். எச்-1பி, எச்-4, எஃப்-1, பி-2 என்று எந்த நான்-இமிக்ரன்ட் விசாவில் இருந்தாலும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றை நண்பர் சொன்னார் என்று நம்பாதீர்கள், வக்கீலைக் கேளுங்கள். ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் வைத்திருப்பதுதான். ஊரிலிருந்து வந்த அப்பாவை ஆசையாக ரேஞ்சுக்கு அழைத்துப்போய்ப் படம் எடுத்துப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அந்தப் படமே சாட்சி. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு ஃபெடரல் சட்டத்தில் இந்தத் தடை இல்லை. போலீஸ் வேலைக்குப் பல மாநிலங்கள் குடியுரிமை கேட்கும். கலிஃபோர்னியா அந்த நிபந்தனையை 2023-லிருந்து எடுத்துவிட்டது. உங்கள் மாநில விதியைப் படித்துவிட்டுப் பணத்தைச் செலவழியுங்கள்.

2. டெஸ்ட் எந்தக் காலிபரில் என்று கேளுங்கள். கலிஃபோர்னியாவில் ஆர்ம்டு கார்டு பெர்மிட்டில் எந்தக் காலிபர் எழுதியிருக்கிறதோ அதைத்தான் இடுப்பில் மாட்டலாம். ஆண்டுக்கு 2 முறை வீதம் அதே காலிபரில் மறுபடி சுட்டுக் காட்ட வேண்டும். கிட் மாட்டிய பிஸ்டலோடு டெஸ்ட்டுக்குப் போய் நிற்க முடியாது. டியூட்டிக்கும் எடுத்துப்போகக் கூடாது. இது பழகுவதற்கு மட்டும்.

3. பிஸ்டலுக்கு ஏற்றபடி முடிவெடுங்கள். எல்லோருக்கும் கிட் சரி என்று நான் சொல்லமாட்டேன். உங்களிடம் 1911 மாதிரிப் பிஸ்டலோ சிஇசட் 75-ஓ இருந்தால் கிட் நல்ல முதலீடு. சிஇசட்டின் கடெட் கிட் இதில் நெடுநாளாகப் பேர் வாங்கியது. அந்தப் பிஸ்டல்களின் ட்ரிகருக்கென்று ஒரு குணம் உண்டு. அந்த ட்ரிகரிலேயே பழகுவதுதான் லாபம். கிளாக் 19 வைத்திருப்பவர் இன்னொரு கணக்கும் போட வேண்டும். 2020-ல் கடைக்கு வந்த கிளாக் 44 அதே அளவில் செய்யப்பட்ட முழு 22 பிஸ்டல். கிளாக் 19-இன் ஹோல்ஸ்டரிலேயே உட்காரும். விலையும் கிட்டின் விலையைவிட வெகுதூரம் இல்லை. மாட்டிக் கழற்றும் வேலை மிச்சம். ஆனால் அது தனித் துப்பாக்கி: கடையில் படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்துதான் கைக்கு வரும். கிட் அப்படியல்ல. பெரும்பாலான பிஸ்டல்களில் ஃபெடரல் சட்டம் துப்பாக்கி என்று எண்ணுவது சீரியல் நம்பர் உள்ள ஃபிரேமை மட்டுமே. ஸ்லைடும் பேரலும் உதிரிப் பாகம் என்பதால் வீட்டுக்கே பார்சலில் வரும். சில மாநிலங்களின் விதி இதைவிடக் கடுமை. ஆர்டர் போடும் முன் சரிபாருங்கள்.

கிளாக்குக்கு அட்வான்டேஜ் ஆர்ம்ஸ் கிட் வாங்குகிறவர் தன் பிஸ்டல் எந்த ஜெனரேஷன் என்று பார்த்து வாங்க வேண்டும். ஜென் 3 கிட் ஜென் 5-இல் உட்காராது. பெட்டியைப் பிரித்துவிட்டுத் திருப்பி அனுப்பும் அலைச்சல் வேண்டாம்.

4. தோட்டாவில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. இது பலர் சறுக்கும் இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 9 எம்.எம். பிஸ்டலில் பேரலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு சிறிது தூரம் சேர்ந்தே பின்னால் வந்து, பிறகு பிரியும். 22-இல் அதற்கான விசை இல்லை. பொதுவான 9 எம்.எம். குண்டு 115 கிரெய்ன் எடை. 22 குண்டு 40 கிரெய்ன். பிஸ்டல் பேரலிலிருந்து வெளியேறும்போது அதன் ஆற்றல் 9 எம்.எம்.மில் ஏறக்குறைய கால்வாசி. அதனால் கிட்டில் பேரல் அசையாது. வெடிப்பின் அழுத்தம் மட்டுமே ஸ்லைடைத் தள்ளும். அந்தச் சிறிய உதைப்புக்கு அசைந்து கொடுக்கத்தான் பல கிட்களின் ஸ்லைடை இரும்புக்குப் பதில் அலுமினியத்தில் செய்கிறார்கள். கொஞ்சம் வலுக்குறைந்த தோட்டாவைப் போட்டாலும் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது. காலிக் கூடு வாயிலேயே சிக்கும்.

கிட்டோடு வரும் கையேட்டில் எந்தத் தோட்டா என்று எழுதியிருப்பார்கள். அதை மதியுங்கள். சிசிஐ மினி-மேக் மாதிரி வேகம் கூடிய, செம்பு பூசிய 40 கிரெய்ன் தோட்டாவில் தொடங்கினால் பிரச்சினை குறைவு. வாளிக் கணக்கில் மலிவாகக் கிடைப்பதை வாங்கிவிட்டு, மூன்று சுடுவதற்கு ஒருமுறை அடைப்பு நீக்கிக்கொண்டு நிற்பது பயிற்சி ஆகாது. ரேஞ்ச் வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது. வேலை செய்கிற தோட்டா ஒன்று கிடைத்துவிட்டால் நாலைந்து மாதத்துக்கு வாங்கி வையுங்கள். 2013-இல் கடைகளில் 22-க்கே பஞ்சம் வந்தது. 2020-இல் 9 எம்.எம்.முக்கு வந்தது. பஞ்ச நாளில் டெஸ்ட் தேதி தள்ளிப்போகாது.

5. மாட்டும்போது கையும் கண்ணும் இங்கே இருக்கட்டும். கிளாக்கின் ஸ்லைடைக் கழற்ற ட்ரிகரை அழுத்தியாக வேண்டும். பேரலின் பின்முனையில் உள்ள அறையில் (சேம்பர்) ஒரு தோட்டா மறந்து கிடந்தால் அந்த அழுத்தத்தில் வெடிக்கும். வரிசை இதுதான்: மேகசினை எடு, ஸ்லைடை இழு, அறையைக் கண்ணால் பார், விரலை விட்டுத் தடவு, மறுபடி பார். அதற்குப் பிறகுதான் ட்ரிகர், அதுவும் பாதுகாப்பான திசையில். கிட் மாற்றும் மேஜையில் தோட்டாவே இருக்கக் கூடாது. 22 மேகசினையும் 9 மேகசினையும் வேறு வேறு பையில் வையுங்கள்.

6. கிட் எதைச் சொல்லித் தரும், எதைத் தராது என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

ஹூஸ்டன் பக்கம் ஒரு தம்பி. திருநெல்வேலிக்காரர். ஆர்ம்டு கார்டு வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். கிட் வாங்கச் சொன்னவன் நான். இரண்டு மாதம் விடாமல் 22-இல் சுட்டார். அட்டையில் ஓட்டையெல்லாம் நடுவில். டெஸ்ட்டுக்கு மூன்று நாள் முன்பு 9 எம்.எம். எடுத்தார். இரவில் போன் வந்தது: "அண்ணே, 22-ல போட்டா எல்லாம் நடுவுல விழுது. 9-ல போட்டா ஏன் எல்லாம் இடது பக்கம் கீழயே இறங்குது?"

காரணம் கை அல்ல, எதிர்பார்ப்பு. வெடிக்கப் போகிறது என்று உடம்பு முன்கூட்டியே விறைத்து, ட்ரிகர் விழும் நொடியில் மணிக்கட்டைக் கீழே தள்ளுகிறது. வலது கைக்காரருக்கு அது இலக்கின் இடது கீழ்ப்பக்கம் போகும். ரேஞ்சில் இதை ஃப்ளின்ச் என்பார்கள். 22-இல் உதைப்பு இல்லாததால் ஃப்ளின்ச் வரவே இல்லை. வராததை அவர் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டார். அந்த முறை அவர் தேறவில்லை. 9 எம்.எம்.மை இடையிடையே கலக்க வேண்டும் என்று நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது என் தவறு. அதற்குப் பிறகு கிட் வாங்கச் சொல்லும் ஒவ்வொருவரிடமும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. கோல்ட் கம்பெனி 1931-இல் 45 பிஸ்டலின் அச்சில் ஏஸ் என்ற 22 பிஸ்டலைக் கொண்டுவந்தது. உதைப்பு போதாது என்பது அதன் குறை. டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ் என்பவர் மிதக்கும் அறை ஒன்றை வடிவமைத்தார். தோட்டா உட்காரும் சிறு அறையே வாயு அழுத்தத்தில் பின்னால் நகர்ந்து ஸ்லைடைக் கூடுதல் விசையோடு தள்ளும். அதை வைத்து 1937-இல் சர்வீஸ் மாடல் ஏஸ் வந்தது. மறு ஆண்டு, இருக்கும் 45 பிஸ்டலிலேயே மாட்டிக்கொள்ளும் கன்வர்ஷன் யூனிட்டும் வந்தது. மலிவான தோட்டா வேண்டும், ஆனால் உதைப்பும் வேண்டும் என்று 90 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். இன்றைய பெரும்பாலான கிட்களில் அந்த மிதக்கும் அறை இல்லை. அந்த உதைப்பை நீங்கள்தான் 9 எம்.எம்.மைக் கலந்து கொண்டுவர வேண்டும்.

ஆகவே ஒரு பயிற்சி நாளை இப்படிப் பிரியுங்கள். போனவுடன், கை சூடாகும் முன், 9 எம்.எம்.மில் 10. அதுதான் உங்கள் உண்மையான மார்க். அட்டையைப் படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். பிறகு கிட் மாட்டி 22-இல் 100 முதல் 150. கடைசியில் மறுபடி 9 எம்.எம்.மில் 20. தோட்டாச் செலவு 20 டாலரைத் தாண்டாது. தொடக்கத்து 10-க்கும் கடைசி 20-க்கும் இடையில் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

7. அந்த 100-இல் என்ன செய்வது? தோட்டா மலிவு என்று பொழியாதீர்கள். 7 கஜத்தில் ஒரு சிறிய குறிப்பு அட்டை, ஒவ்வொன்றாக, 30. முன்குறியை மட்டும் பார்த்து, ட்ரிகரை ஒரே சீராக அழுத்தி, வெடித்த பிறகும் ஒரு நொடி ட்ரிகரை விடாமல். அடுத்து ஒற்றைக் கை. பல டெஸ்ட்களில் ஒற்றைக் கைச் சுற்று உண்டு. பெரும்பாலானோர் மார்க் இழப்பது அங்கேதான், ஏனென்றால் யாரும் அதைப் பழகுவதில்லை. இடது கையால் 9 எம்.எம். சுட்டுப் பழகத் தயங்குகிறவர்கள் 22-இல் பயமில்லாமல் பழகலாம். கிட்டுக்காகக் கொடுத்த பணம் எனக்கு முழுதாகத் திரும்பியது இந்த ஒரு பயிற்சியில்தான். வலது கையில் 20, இடது கையில் 20.

மீதியில் போலித் தோட்டா கலந்த மேகசின். நண்பர் ஒருவரை நிரப்பித் தரச் சொல்லுங்கள். எது போலி என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. போலியில் ட்ரிகர் விழும்போது முனை அசைந்தால் ஃப்ளின்ச் வெளிப்பட்டுவிடும். ஹோல்ஸ்டரிலிருந்து எடுத்துச் சுடுவதைப் பல ரேஞ்சுகள் அனுமதிப்பதில்லை; கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்தடுத்து வேகமாக இரண்டு சுடுவது, நேரம் எடுத்துப் பார்ப்பது இவற்றைக் கிட்டில் செய்து பெருமைப்பட வேண்டாம். உதைப்பில்லாத பிஸ்டலில் எல்லோரும் வேகம்தான். மேகசின் மாற்றும் பயிற்சியிலும் கவனம்: சில கிட்களில் கடைசித் தோட்டா முடிந்ததும் ஸ்லைடு பின்னால் நிற்காது. அப்படிப்பட்ட கிட்டில் ரீலோட் பழகினால் கை தப்பான பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும்.

8. வெடிக்காத தோட்டா வரும். ரிம்ஃபயரில் இது சகஜம். ட்ரிகர் விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் முனையை இலக்கின் பக்கமே வைத்து 30 நொடி காத்திருங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு. அதைவிட முக்கியம், சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் உடனே நிறுத்துவது. குண்டு பேரலிலேயே சிக்கியிருக்கலாம். இறக்கி, கழற்றி, பேரலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்தது.

9. வீட்டில் செலவில்லாத பயிற்சி. வெறும் ட்ரிகர் பயிற்சியை உங்கள் 9 எம்.எம். ஸ்லைடோடு, அறையில் போலித் தோட்டா வைத்துச் செய்யுங்கள். கிட்டில் செய்யாதீர்கள்: ரிம்ஃபயரில் தோட்டா இல்லாமல் அடித்தால் பல மாடல்களில் ஊசி பேரலின் விளிம்பிலேயே மோதி இரண்டையும் கெடுக்கும்.

ரெட் டாட் (சிவப்புப் புள்ளிக் குறி) பொருத்தியவர்களுக்கு ஒரு வசதி: டாட் உங்கள் 9 எம்.எம். ஸ்லைடிலேயே இருப்பதால், கழற்றி மாட்டினாலும் அதன் ஜீரோ (குறிப்பொருத்தம்) கெடாது. ஒரு குறையும் உண்டு. கிட்டில் டாட் இல்லையென்றால் உங்கள் கண் வேறொன்றைப் பழகிக்கொண்டிருக்கிறது. டாட்டோடு டெஸ்ட் எழுதுகிறவர் டாட் பொருத்த இடமுள்ள கிட்டாகத் தேடுங்கள்.

10. உடம்பைக் காப்பாற்றுங்கள். 22-இன் சத்தம் சின்னது என்று காது மூடியைக் கழற்றாதீர்கள். பிஸ்டலில் அதுவும் காதைக் கெடுக்கும். பெரிய ஆபத்து ஈயம். மலிவான 22 குண்டுகள் வெறும் ஈயம் அல்லது மெல்லிய பூச்சுள்ள ஈயம். பிரைமர் கலவையிலும் ஈயம் உண்டு. உள்ளரங்க ரேஞ்சுகளின் ஈயத்தையும் சத்தத்தையும் பற்றி நியோஷ் என்ற அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் 2009-இல் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. கையால் பிசைந்து சாப்பிடுகிற நமக்கு இது மற்றவர்களைவிட முக்கியம். ரேஞ்சிலேயே சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கையும் முகமும் கழுவுங்கள். செருப்பை வாசலில் விடும் நம் பழக்கம் இங்கே உயிர்காக்கும் பழக்கம். சட்டையை மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள்.

11. ரேஞ்சில் உங்களை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் துறை சின்னது. ரேஞ்ச் ஆபீசராக நிற்பவர் முன்னாள் போலீஸாக இருப்பார். நாளை உங்கள் டெஸ்ட்டுக்கு மார்க் போடுபவரும் அவராக இருக்கலாம். அவர் முதலில் பார்ப்பது உங்கள் விரலை: சுடாத நேரத்தில் ட்ரிகருக்கு வெளியே இருக்கிறதா? அடுத்து முனையை. மூன்றாவது, சுடுவதை நிறுத்தச் சொன்னதும் பின்வாங்குகிறீர்களா, இன்னும் துப்பாக்கியைத் தடவிக்கொண்டிருக்கிறீர்களா என்பதை. கிட் மாட்டியிருந்தால் உள்ளே நுழைந்ததும் சொல்லிவிடுங்கள். உங்கள் தேதிவாரி அட்டைப் படங்களைக் காட்டி, "இடது கீழ் இறங்குவதை இந்த அளவு குறைத்திருக்கிறேன், இன்னும் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். தயாரிப்போடு வந்து கேட்பவருக்கு அவர்கள் நேரம் கொடுப்பார்கள். அந்த நேரமும் பேச்சும் பின்னால் ரெஃபரன்ஸாக மாறும். வேலை எங்கே காலி என்று எனக்கு முதலில் சொன்னவர்கள் ரேஞ்சில் அறிமுகமானவர்கள்தான்.

12. ஊருக்குப் போகும் பெட்டி வேறு, ரேஞ்ச் பை வேறு. 22 தோட்டா விரல்நுனி அளவு. பையின் தையலுக்குள் ஒளிந்துகொள்ளும். அதே பையோடு சென்னைக்குப் பறந்தால், ஒரே ஒரு தோட்டா எக்ஸ்ரேயில் தெரிந்தாலும் இந்திய ஆயுதச் சட்டத்தின்கீழ் விசாரணை. ஆயுதப் பாகங்களும் அதே 1959 சட்டத்துக்குள் வருவதால், கிட்டைத் தம்பிக்குப் பரிசாகக் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம். வழக்கு ஒன்று வந்தால் நீங்கள் கட்டிவரும் கேரியர் அங்கேயே நிற்கும்.

13. டெஸ்ட்டுக்கு இரண்டு வாரம் முன் கிட்டைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். சேமித்த பணத்தை இப்போது செலவழிக்கும் நேரம். வாரத்துக்கு இரண்டு முறை, 9 எம்.எம்.மில் 50, டெஸ்ட்டின் அதே தூரம், அதே வரிசை, அதே நேரக் கட்டுப்பாடு. டியூட்டித் தோட்டாவில் ஒரு பெட்டியாவது சுடுங்கள். பயிற்சித் தோட்டாவைவிட அது பலமாக உதைக்கலாம். முந்தைய நாள் சுட வேண்டாம். மேகசின்களைத் துடைத்து, டாட் இருந்தால் அதன் பேட்டரியைப் பார்த்து, காகிதங்களை எடுத்து வைத்துவிட்டு நேரத்தோடு தூங்குங்கள்.

ஹூஸ்டன் தம்பி இரண்டாம் முறை தேறினார். இப்போது அவர் ரேஞ்சுக்குப் போகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் 10 தோட்டாவின் அட்டையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார். போன வாரம் பத்தில் ஒன்று மட்டும் கீழே இறங்கியிருந்தது. இடது கையால் சுட்டது அது.